பத்தாவது உலகத்தின் வாசல்

அத்தியாயம் 14

பரிமளா இன்னும் அழவில்லை. போன வாரம் எங்கே விட்டோமோ அங்கேயேதான் இருக்கிறாள்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி. ஆரணியில் பட்டுத் தறி வைத்திருக்கும் மாணிக்கவேலின் கடைசி மகன் ஹேமநாத், ஐப்பசி மழையில் சேத்துப்பட்டு ரோட்டில் பைக் சறுக்கிப் போய்ச் சேர்ந்தான். வயது இருபத்தொன்று. அம்மா பூங்காவனம் மண்ணில் புரண்டு அழுதாள். தறியில் உட்காரும் அண்ணன் சதீஷ் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். சேலைக்கு டிசைன் வரையும் அக்கா பரிமளா மட்டும், வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஊர் சும்மா இருக்குமா? "நெஞ்சில ஈரமே இல்ல" என்றது ஒரு வாய். "அழ வெச்சிடுங்க, இல்லன்னா புத்தி பேதலிச்சிடும்" என்றது இன்னொரு வாய். சின்னபொண்ணு சித்தி நல்ல எண்ணத்தோடு கன்னத்தில் ஓர் அறைகூட விட்டுப் பார்த்தாள். பரிமளா கன்னத்தைத் தடவிக்கொண்டு, "காபியா டீயா சித்தி?" என்று கேட்டாள்.

அவள் நடிக்கவில்லை. உண்மையிலேயே அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. சுடு தண்ணீரில் குளித்தாலும் பச்சைத் தண்ணீரில் குளித்தாலும் ஒன்றுதான். கால் மரத்துப் போனால் உதறிவிடலாம். ஆளே மரத்துப் போனால் எதை உதறுவது?

இன்றைக்கு நாற்பத்தோராம் நாள். காலை எட்டு மணிக்கு வாசலில் ஒரு பையன் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றான். தெள்ளாரிலிருந்து பஸ் மாறி வந்திருந்தான். ராஜேஷ், ஹேமநாத்தோடு காலேஜில் படித்தவன். கருமாதிக்கும் வந்திருந்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க" என்றான்.

"கேளு."

"பத்தாவது உலகம் உங்ககிட்ட இருக்குதா?"

உள்ளே இருந்து பூங்காவனம் எட்டிப் பார்த்தாள். காலங்காத்தால இந்தப் பையன் இன்னா கேட்டுகினு நிக்கிறான் என்பதுபோல.

பரிமளாவுக்குப் புரிந்தது. கொஞ்சம் விளக்கினால் நமக்கும் புரியும். ஹேமநாத்தும் மூன்று சிநேகிதர்களும் இரண்டு வருஷமாக ஓர் ஆட்டம் ஆடிவந்தார்கள். கேரம் இல்லை, சீட்டு இல்லை. ஒருத்தன் கதை சொல்வான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ நுழைவார்கள். "நீ பாலத்தைத் தாண்டுகிறாயா, தண்ணீரில் இறங்குகிறாயா?" என்று கதைசொல்லி கேட்பான். திருடன் யோசித்துச் சொல்வான். பல முகம் வைத்த பகடையை உருட்டினால் பிழைத்தானா விழுந்தானா என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் தெள்ளாரில், ராஜேஷ் வீட்டு மாடியில்தான் ஆட்டம்.

கதைசொல்லி ஹேமநாத். ஆகவே உலகங்களைப் படைப்பது அவன் வேலை. "பதினாலு லோகம் ஏற்கனவே இருக்குதாம்டா, அது போதலையா உனக்கு?" என்று பூங்காவனம் கேலி செய்வாள். "அதெல்லாம் வேற ஒருத்தர் டிசைன்மா" என்பான்.

அவனுக்கு ஒரு முறை இருந்தது. ஓர் உலகத்துக்கு ஒரே ஒரு விதியை மட்டும் மாற்ற வேண்டும், மீதியெல்லாம் தானாக மாறிக்கொள்ளும். மூன்றாவது உலகத்தில் வெளிச்சத்துக்கு எடை உண்டு. அதனால் அங்கே விளக்கு ஏற்றினால் கூரை தாங்குமா என்று முதலில் பார்ப்பார்கள், பணக்காரர்கள் இருட்டில் இருப்பார்கள். ஆறாவது உலகத்தில் நேற்று பள்ளத்தில் இருக்கும், நாளை மேட்டில் இருக்கும். மழைத் தண்ணீரெல்லாம் நேற்றுக்குத்தான் ஓடும், நேற்றைக்கு எப்போதும் வெள்ளம். அப்புறம், உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி கட்டாயம் வேண்டும். "வழி இல்லாதது உலகம் இல்லக்கா, கிணறு" என்று சொல்வான்.

சொல்வான், ஆனால் வரைய வராது. வரைந்தவள் பரிமளா. சேலை டிசைன் போடும் கிராப் பேப்பரில், கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டி, ஒன்பது உலகங்களுக்கும் படம் போட்டுக் கொடுத்தாள். ஒன்பதும் விபத்து நடந்த அன்றைக்கு அவன் பையில் இருந்தன. போலீஸ்காரர் நனையாமல் திருப்பிக் கொடுத்தார்.

பத்தாவது, செத்தவர்கள் போகும் உலகம். அதை வரைய மாட்டேன் என்று பரிமளா சொல்லிவிட்டாள். "கல்யாணச் சேலை வரையற கையிடா இது. சாவையெல்லாம் வரையச் சொல்லாதே, போ" என்று எரிந்து விழுந்தாள். அவனும் வீம்புக்காரன். இரண்டு நாள் பேசவில்லை. அந்த இரண்டாம் நாள்தான் ஞாயிற்றுக்கிழமை, ஆட்டத்துக்குக் கிளம்பியவன் பைக் சறுக்கிய நாள்.

"அதை நான் வரையலை" என்றாள் ராஜேஷிடம்.

"தெரியும்க்கா. அவனே வரைஞ்சிட்டான். சனிக்கிழமை நைட் போன் பண்ணான். 'வரைஞ்சாச்சு, ஆனா முடியலை, அக்கா டிராயர்ல வெச்சிருக்கேன்'னான்." ராஜேஷ் கையைப் பிசைந்தான். "ஆட்டத்துல என் திருடன் செத்துட்டான்க்கா, அதுக்கு முந்தின வாரம். பத்தாவது உலகத்துல நிக்கிறான். நாங்க மூணு பேரும் இந்த ஆட்டத்தை முடிச்சிட்டு, பகடையைக் கொண்டாந்து இங்கயே குடுத்துடலாம்னு இருக்கோம். பாதியில உட மனசு வரல. அதுக்கு அந்தப் படம் வேணும்."

பரிமளா எழுந்து போய் டிராயரைத் திறந்தாள். நாற்பத்தோரு நாளில் அவள் அதைத் திறக்கவே இல்லை. பென்சில்கள், பிரஷ், பழைய டிசைன்கள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்திருக்க வேண்டிய அந்தத் தாள் இல்லை.

அவன் கையால், அவள் உதவி இல்லாமல், கடைசியாக வரைந்தது. அவள் ஒரு தடவைகூடப் பார்க்காதது. அதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நாற்பத்தோரு நாளில் அவளுக்கு எதுவோ வேண்டும் என்று தோன்றியது அதுதான் முதல் தடவை.

"யாராவது என் டிராயரைத் தொட்டீங்களா?"

பூங்காவனம் தோசைக் கரண்டியோடு வந்தாள். "சதீஷுதான் எடுத்தான். வந்தவாசிக்காரங்க கல்யாணச் சேலைக்கு முந்தானை டிசைன் கேட்டாங்களே. உன்னத்தான் கேட்டான். 'டிராயர்ல இருக்கிறதா?'ன்னான். நீயும் 'ம்'னியே!"

பரிமளாவுக்கு ஞாபகம் இல்லை. இருக்கலாம். இந்த நாற்பது நாளும் எதைக் கேட்டாலும் 'ம்' என்றுதான் சொல்லிவந்திருந்தாள்.

டிசைன் வரைந்த தாள் நேராகத் தறிக்குப் போகாது. அட்டை குத்துகிறவரிடம் போகும். தாளில் ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. நிரப்பிய ஒவ்வொரு கட்டத்துக்கும் அட்டையில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டைகளைப் பார்த்துத்தான் தறி மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு, எந்த இழையைத் தூக்குவது என்று முடிவு செய்யும். இந்த வீட்டுக்கு முப்பது வருஷமாக அட்டை குத்துகிறவர் அடுத்த தெரு அய்யாக்கண்ணு.

பரிமளா போனபோது அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. தாளுக்காக வந்தியா? பத்திரமா வெச்சிருக்கேன்." பலகைக்கு அடியிலிருந்து எடுத்தார். "கோட்டை டிசைனு பிரமாதம். மதில் இன்னா, ஆறு இன்னா! ஆனா உன் கையி கொஞ்சம் தடுமாறி இருந்துது. நானும் ஒண்ணும் சொல்லிக்கல. வீட்டுல இப்படி நடந்திருக்க சொல்லோ யாருக்குத்தான் கை நேரா ஓடும்?"

"நான் வரைஞ்சது இல்ல பெரியப்பா."

அவர் காதில் அது விழவில்லை. தாளின் நடுவே விரலை வைத்தார். "இங்க பாரு. மதில்ல அடி வரிசையில ஒரே ஒரு கட்டம் நிரப்பாம உட்டிருந்த. இருநூத்திப் பன்னெண்டாவது அட்டை. தப்புன்னு பென்சில்ல சுழிச்சி வெச்சிட்டு, நானே ஓட்டையப் போட்டுட்டேன். இப்ப மதில் கெட்டியா இருக்குது, ஒரு சந்து கிடையாது."

பரிமளா தாளை வாங்கினாள். அகலமான மதில், உள்ளே ஓர் ஆறு, கரையில் வரிசையாக மரங்கள், மரத்தடியில் குந்தியிருக்கும் சின்னச் சின்ன மனிதர்கள். கோடு தாண்டித் தாண்டி வண்ணம் வழிந்திருந்தது. சின்ன வயசிலிருந்தே அவனுக்குக் கட்டத்துக்குள் நிற்க வராது.

அய்யாக்கண்ணு சுழித்த அந்தக் கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது. வாசலா? இல்லை, வழக்கம்போல விட்டுத் தொலைத்ததா?

தாளைத் திருப்பினாள். பின்பக்கம் அவன் கையெழுத்து.

'பத்தாவது உலகம். விதி: இங்கே யாருக்கும் எதுவும் வலிக்காது. சந்தேகம்: வலியே இல்லைன்னா யாரும் வெளியே போக ஆசைப்பட மாட்டாங்களே. அப்போ வாசல் எதுக்கு? எங்கே வைக்கறது? அக்கா கோபம் தீர்ந்ததும் கேக்கணும்.'

அவள் இரண்டு தடவை படித்தாள். அப்படியானால் அந்த வெள்ளைக் கட்டம் வாசல் இல்லை. அவன் தப்புதான். வாசலை அவளைக் கேட்டு வைப்பதற்காக விட்டுவைத்திருந்தான். அவளோ கோபமாக இருந்தாள்.

"இன்னாம்மா, முகம் ஒரு மாதிரி ஆயிட்டுது?" என்றார் அய்யாக்கண்ணு.

"ஒண்ணும் இல்ல பெரியப்பா" என்றாள். அதுவும் பொய் இல்லை. படித்தது கல்லில் ஊற்றிய தண்ணீராக வழிந்து போய்விட்டது. இந்த உலகத்தை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. நாற்பத்தோரு நாளாக அங்கேதான் குடியிருக்கிறாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது தறிச் சத்தம் தெருவரை கேட்டது. சதீஷ் தலை நிமிராமல் நெய்துகொண்டிருந்தான். அரக்குப் பட்டில், ஜரிகையில், அந்த ஆறு வந்திருந்தது. மரங்கள் வந்திருந்தன. குந்தியிருக்கும் மனிதர்களும் வந்திருந்தார்கள். மதில் மட்டும் இன்னும் எழும்பவில்லை. தாளில் கோணலாக இருந்ததெல்லாம் பட்டில் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் நின்ற ராஜேஷ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இதான்க்கா" என்றான் மெதுவாக. "அவன் போன்ல சொன்ன மாதிரியே இருக்குது."

"அண்ணா, தறிய நிறுத்து" என்றாள் பரிமளா.

"நாலு மணிக்கு அப்பா வந்தவாசிக்காரங்களக் கூட்டிகினு வர்றாரு. முந்தானையப் பாக்கணுமாம். ஜல்தியா முடிக்கணும், பேசாம போ."

"அது ஹேமு வரைஞ்சது."

தறி நின்றது.

பரிமளா தாளைக் காட்டினாள். என்ன உலகம் அது என்பதைச் சொன்னாள். சதீஷ் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"நீ வரைஞ்சதுன்னுதான் நெனச்சேன். கை கோணிகினு இருந்துச்சி. துக்கத்துல வரைஞ்சிருக்கே, ஏதாவது சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னு மேக்கொண்டு கேக்காம எடுத்துகினு போயிட்டேன்." எழுந்து கத்தரிக்கோலைத் தேடினான். "பேஜாரா போச்சே! கல்யாணப் பொண்ணு தோள்ல செத்தவங்க ஊரா? அறுத்துடறேன். தறியில பழுதுன்னு சொல்லிக்கலாம்."

"அறுக்காத."

"பாவம் பரிமளா. நம்ம வீட்டுத் துக்கத்தை இன்னொரு வீட்டுப் பொண்ணு தலையில கட்டறதா?"

அவன் சொன்னது நியாயம்தான். அறுத்தால் ஹேமநாத் கைபட்ட கடைசி உலகம் போகும். அறுக்காவிட்டால் ஒரு புதுப் பெண் அதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்காருவாள். இரண்டில் எதை நினைத்தாலும் வலிக்கவில்லை. வலித்திருந்தால் முடிவு செய்வது சுலபமாக இருந்திருக்கும்.

ராஜேஷ்தான் வாயைத் திறந்தான். "சதீஷண்ணா, வாசல் வெச்சிட்டா அது கிணறு இல்ல, உலகம். அவன் அப்படித்தான் சொல்லுவான். வழி இருக்கிற ஊரு கெட்ட ஊரு இல்லண்ணா."

"வாசலு எதுக்குன்னே அவனுக்குத் தெரியலையே. எழுதியிருக்கானே!" என்றான் சதீஷ். தம்பி கையெழுத்தைத் திரும்பவும் படித்தான். "வலியே இல்லன்னா எவன்டா வெளிய போவான்?"

மூன்று பேரும் அந்தக் கேள்வி முன்னால் நின்றார்கள். சிரிப்புதான் வர வேண்டும். வளர்ந்தவர்கள், இல்லாத ஊருக்கு வாசல் வைக்கத் தகராறு.

அந்த நேரம் பூங்காவனம் தட்டோடு வந்தாள். "பரிமளா, ரெண்டு தோசையாவது தின்னுட்டுப் போ" என்றாள். பரிமளா "ம்" என்றாள். பூங்காவனம் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். இந்த நாற்பத்தோரு நாளும் இப்படித்தான், மூன்று வேளையும் தட்டோடு வந்து நிற்பாள், 'ம்' கேட்பாள், தட்டை மூடி வைத்துவிட்டுப் போவாள், அடுத்த வேளைக்குத் திரும்பவும் வருவாள். மகனைப் பறிகொடுத்தவள். அவளுக்கு மட்டும் வேறு வேலை இல்லையா?

பரிமளா அம்மாவையே பார்த்தாள்.

"வாசல் உள்ள இருக்கிறவங்களுக்கு இல்ல" என்றாள். "அவங்களுக்கு எதுவும் வேணாம். அவங்களத் தேடிகினு யாராச்சும் வருவாங்களே. அவங்க உள்ள வர்றதுக்கு."

பூங்காவனத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "தோச ஆறுது" என்றாள்.

ராஜேஷ் மட்டும் தலையை ஆட்டினான். "அப்ப என் திருடனை நாங்கதான் போய்க் கூப்பிடணும்" என்றான்.

சதீஷ் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். "எங்க வெக்கணும்?"

"அவன் தப்பு பண்ண இடத்துலயே வெச்சிடலாம்."

பரிமளா மைதாவைக் கரைத்துப் பசை காய்ச்சினாள். ஜக்கார்டில் வாசல் திறக்க வேண்டுமானால் ஓட்டையை அடைக்க வேண்டும். ஓட்டை அடைபட்டால் அந்த இடத்தில் ஜரிகை வராது, அரக்குப் பட்டு மட்டும் தெரியும். முக்காலி மேல் ஏறி, தறிக்கு மேலே மாலையாகத் தொங்கிய அட்டைகளில் இருநூற்றுப் பன்னிரண்டைத் தேடிப் பிடித்தாள். ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினாள்.

ஒட்டிவிட்டுப் பார்த்தாள். ஒரு கட்டம் என்பது எள்ளுக்கு இரண்டு மடங்கு. இதில் யார் நுழைவது? தேடிப் போகிறவர்கள் கூட்டிக்கொண்டு வரும்போது அவனும் நுழைய வேண்டுமே. ஹேமு உயரம். வீட்டு நிலையில் அவன் தலை இடிக்காத நாள் இல்லை.

அடுத்தடுத்த அட்டைகளிலும் ஒட்டினாள். மதில் முடிய எட்டு அட்டை. ஆறு அட்டை உயரத்துக்கு, இரண்டு ஓட்டை அகலத்துக்கு. குனியாமல் வரலாம், இரண்டு பேர் சேர்ந்து நடக்கலாம். ஆறாவது அட்டையில் காகிதத்தை விரலால் அழுத்தினாள். பசை சூடாக இருந்தது. சூடு என்று அவளுக்குத் தெரிந்தது.

பசை காய்ந்ததும் சதீஷ் உட்கார்ந்தான். தறி ஓடியது. மதில் எழும்பியது. நடுவில் ஜரிகை விட்டு விட்டு, அரக்கு நிறத்தில் ஒரு சின்ன வாசல் நிமிர்ந்தது. எட்டாவது அட்டை முடிந்ததும் அவன் கையை எடுத்தான்.

நாலு மணிக்கு முன்பே மாணிக்கவேல் வந்துவிட்டார். மகன் போனதிலிருந்து அவர் நிறையப் பேசுகிறார். வீட்டில் கொஞ்சம் சத்தம் அடங்கினாலும் அவருக்குப் பயம். பேசிக்கொண்டே வந்தவருக்குப் பின்னால், கல்யாணப் பெண்ணின் அம்மா தெய்வநாயகி, கைப்பையும் கண்ணாடியுமாக வந்தாள்.

"பாருங்கம்மா, எம் பொண்ணு வரைஞ்சது. இந்த மாதிரி கோட்டை டிசைனு வந்தவாசி மட்டும் இல்ல, எங்கயும் கெடைக்காது" என்றார் மாணிக்கவேல்.

தெய்வநாயகி ஏமாறுகிறவள் இல்லை. தறி மேல் குனிந்து, ஆற்றைப் பார்த்தாள், மரங்களைப் பார்த்தாள், நகத்தால் ஜரிகையைத் தடவினாள். தடவிக்கொண்டே வந்த நகம் மதிலின் நடுவில் நின்றது.

"இங்க ஜரிகை உட்டுப் போயிருக்குதே?"

மாணிக்கவேல் குனிந்து பார்த்துத் திடுக்கிட்டார். "சதீஷ், இன்னாடா இது பழுது?"

சதீஷ் தங்கையைப் பார்த்தான்.

"பழுது இல்லைங்க" என்றாள் பரிமளா. "வாசல்."

"வாசலா! நல்லாத்தான் இருக்குது" என்றாள் தெய்வநாயகி. கண்ணாடியைச் சரிசெய்து இன்னும் குனிந்தாள். "யாரு வர்றதுக்கும்மா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். பேச்சுக்குக் கேட்டாள். பரிமளா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். தம்பிக்கு என்றுதான் சொல்ல வந்தாள். 'தம்' வரைக்கும் வந்தது, மீதி வரவில்லை. நெஞ்சு வலித்தது. பல்லைக் கடித்துப் பார்த்தாள், நிற்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு மனுஷி முன்னால், தறிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, பரிமளா வாய்விட்டு அழுதாள். 'நான் கோபமா இல்லடா, கோபமா இல்லடா' என்று அழுதாள்.

பூங்காவனம் எங்கிருந்தோ ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "அழுதுட்டா, எம் பொண்ணு அழுதுட்டா" என்று சந்தோஷமா துக்கமா என்று தெரியாமல் அவளும் அழுதாள். மாணிக்கவேல் முதல் தடவையாகப் பேச்சை நிறுத்தினார்.

தெய்வநாயகி நிமிர்ந்தாள். எல்லோர் முகத்தையும் பார்த்தாள். கீழே கிடந்த கத்தரிக்கோலைப் பார்த்தாள். தறி ஓரத்தில் மடங்கிக் கிடந்த தாளை எடுத்து, பின்பக்கம் திருப்பி, கண்ணாடி வழியாக ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க ஆரம்பித்தாள்.

யாரும் அவளைத் தடுக்கவில்லை.